கோலிக்குண்டு உருளும் திசை

வீட்டைக் கட்டிப்பார் என்றவர்கள்
வீட்டுக்கு அடியில் ஊர்ந்து பார் என்று
சொன்னதே இல்லை.
என் பிழைப்பு அது.
டனீடின் நகரத்து மேட்டுத் தெருக்களில்
விலைக்கு வரும் வீடுகளின் வயிற்றுக்குக் கீழே
டார்ச்சோடு மல்லாந்து கிடப்பேன்.
மணிக்கணக்கில் கூலி,
சிலந்திக்குத் தனியாக எதுவுமில்லை.

ஜூலை, நடுக்குளிர்காலம்.
ஹெமியும் ப்ரியோனியும் ஒரே நாளில்
இரண்டு வீடு பார்க்கக் கூப்பிட்டார்கள்.
காலையில் அவளுடையது, மதியம் அவனுடையது.
அப்படித்தான் சொன்னார்கள்,
இரண்டுமே இன்னும் யாருடையதோ என்றாலும்.

அவளுடையது நூற்றிருபது வயது மரவீடு.
கம்பளத்தின் மூலையைத் தூக்கிக் காட்டினாள்.
கீழே லினோலியம்,
அதற்குக் கீழே 1931ன் குதிரைப் பந்தய முடிவுகள்,
அதற்கும் கீழே ரீமு பலகை, தேன் நிறத்தில்.
"பாருங்கள்" என்றாள்,
தானே அறுத்து இழைத்தவள் போல.

தெற்குக் காற்று எழுந்தது.
வரவேற்பறைச் சுவரின் பூப்போட்ட தாள்
மெல்ல உப்பி, மெல்ல அடங்கியது.
பலகைமேல் சாக்குத்துணி, துணிமேல் தாள்,
நடுவில் குளிரைத் தவிர ஒன்றுமில்லை.
"வீடு மூச்சு விடுகிறது" என்றாள்.
"நம்மையும் விடச்சொல்" என்றான் ஹெமி.
அவன் வாயிலிருந்து வந்த புகை
அவன் கட்சிக்குச் சாட்சி சொன்னது.

லேசர் மட்டம் வைத்திருக்கிறேன்தான்,
மில்லிமீட்டரை யாரும் நம்புவதில்லை.
சட்டைப்பையிலிருந்து ஒரு கோலிக்குண்டை எடுத்து
படுக்கையறை நடுவில் வைத்தேன்.
யோசித்தது.
பிறகு கிளம்பி, வேகம் பிடித்து,
ஜன்னலோர இடுக்கில் விழுந்து மறைந்தது.
கீழே எங்கோ ஒரு டொக்.
மூவரும் சற்று நேரம்
அந்தச் சத்தத்தைப் பார்த்தபடி நின்றோம்.

மதியம், மோஸ்கீல் சமவெளி.
ஆட்டுவேலி பிடுங்கிய குழிகள் தூராத மனை.
இரட்டைக் கண்ணாடி, குளியலறையில் சூடான தரை,
விரல் வைத்தால் திறக்கும் கதவு.
ஹெமி செருப்பைக் கழற்றினான்,
யாரும் சொல்லாமலே.
இன்னொரு கோலியை வைத்தேன்.
வைத்த இடத்தில் நின்றது.
அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான்.
ப்ரியோனி சுவரைத் தட்டி,
"உள்ளே யாரும் இல்லையாம்" என்றாள்.

சமையலறை ஜன்னலுக்குக் கீழே ஈரமானியை வைத்தேன்.
முப்பத்துநான்கு என்றது.
தகடு அடிக்க மறந்திருக்கிறார்கள்.
நான்கு மாத வீட்டுக்கு
அதற்குள் உள்ளே வியர்த்திருந்தது.
ஹெமி செருப்பை மாட்டிக்கொண்டான்.

"நீங்களாக இருந்தால் எதை வாங்குவீர்கள்?"
எல்லோரும் கேட்பது இது.
பதில் சொல்லக் கூடாதென்று
காப்பீட்டுக்காரர்கள் எழுதி வாங்கியிருக்கிறார்கள்.
கராஜுக்கு மேலே வாடகைக்கு இருக்கிறேன்,
கீழே கார் கிளம்பினால்
என் கோப்பைகள் பேசிக்கொள்ளும் என்று மட்டும் சொன்னேன்.

அறிக்கை அனுப்பினேன்.
பழையதற்கு முப்பத்தொரு பக்கம், புதியதற்கு ஒன்பது.
அவன் பக்கங்களை எண்ணியிருப்பான்.
அவள் படங்களைப் பார்த்திருப்பாள்.

அடுத்த ஆண்டு செப்டம்பரில் ஹெமியின் போன்.
அதே மேட்டுத் தெரு.
போனால் அவனைக் காணோம், குரல் மட்டும் தரையிலிருந்து.
வீட்டுக்கடியில் மல்லாந்து,
உளுத்த தூண்களைக் கழற்றி ஜாக்கி வைத்துத்
தூக்கிக்கொண்டிருக்கிறான்.
சுவர்களுக்குள் கம்பளிப் பஞ்சு திணித்தாயிற்று,
இப்போது மூச்சு விடுவதில்லை.
பலகை இடுக்கு வழியே ஒரு விரல்
இரண்டு கோலிகளை மேலே தள்ளியது.
கண்ணாடிக் கோலி என்னுடையது.
மற்றது சுட்ட மண், யாருடையதோ.

"இப்போ?" என்று கீழிருந்து குரல்.
ப்ரியோனி மண்கோலியைத் தரையில் வைத்தாள்.
அசையவில்லை.
"சரியாயிற்று!" என்றபடி எழுந்தவள்
படுக்கையறைக் கதவைச் சாத்திப் பார்த்தாள்.
பாதியில் இறுகி நின்றுவிட்டது.
இழுத்தோம், தள்ளினோம்,
குனிந்து அடிவிளிம்பைத் தடவினேன்.
சாய்ந்த தரைக்குப் பொருந்தச் சாய்வாகவே
எத்தனையோ கைகள் இழைத்த கதவு.
வீட்டில் மொத்தம் பதினொன்று.

ப்ரியோனி கதவைப் பார்த்தாள்,
கோலியைப் பார்த்தாள்,
மண்டியிட்டு, பலகை இடுக்கில் வாய் வைத்து,
"ஒரு விரற்கடை இறக்கு" என்றாள்.
கீழே கெட்டவார்த்தை ஒன்று,
பிறகு ஜாக்கியின் கிறீச்.
கோலி
யோசிக்கத் தொடங்கியது.